சமையலறை ஜன்னலில் நான் வரைந்த மரம்

அடையாறில் ஒரு வாடகை நூலகத்தில்தான் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். ஓர் ஓவியர், பெண், வருடக்கணக்காகத் தன் நாட்குறிப்பில் வரைந்துவந்த படங்களை அப்படியே அச்சிட்டிருந்தார்கள். அடிப்பிடித்த பால் பாத்திரம், பாதி உரித்த பூண்டு, கொடியில் காயும் கிழிந்த துண்டு. பக்கத்தில் கோணல்மாணலாக ஓரிரு வரிகள். இதையெல்லாம்கூட வரையலாமா என்று இருந்தது. பள்ளிக்கூடத்தோடு படம் வரைவதை விட்டுவிட்டவள், வீடு திரும்பும் வழியிலேயே ஒரு வெள்ளைத்தாள் நோட்டும் கறுப்புப் பேனாவும் வாங்கிவிட்டேன்.

தி. நகரில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. கணவர் ஆபீஸ் கிளம்பியதும் சமையல் மேடையோரம் நின்றபடியே வரைவேன். குக்கர், தோசைக்கல், முருங்கைக்கீரைக் கட்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு குறுகலான சந்து, அதைத் தாண்டினால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் பாசி படிந்து இறங்கும் கழிவுநீர்க் குழாய். முதல் தடவை அந்தக் குழாயைப் பாதி வரைந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. அதன் மேலேயே கிளையும் இலையும் போட்டுப் புங்கமரமாக்கிவிட்டேன். அழகாக வந்தது. அதன்பிறகு எந்தப் படத்தில் ஜன்னலை வரைந்தாலும் மரமும் கூடவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலாப்பூரில் ஒரு பூங்காவில் சிலர் கூடி வரைவார்கள். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். வேளச்சேரியிலிருந்து வரும் ஒரு பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை, என் நோட்டை ஆசையாகப் புரட்டுவாள். அவள் அறையிலிருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம்தான் தெரியுமாம். உங்கள் ஜன்னல் மாதிரி எனக்கும் ஒன்று இருந்தால் தினமும் வரைவேன் என்பாள். நான் சிரித்துவைப்பேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் கீழே நின்று போன் செய்தாள். துணி எடுக்க வந்தாளாம், நான் பூங்காவில் மறந்துவிட்ட வண்ணப்பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். காபி போடப் போனேன். பின்னாலேயே வந்து நேராக ஜன்னலில் நின்றாள்.

"எங்க ஆன்ட்டி மரம்?"

"வெட்டிட்டாங்கம்மா. போன வாரம்."

யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. இவ்வளவு சின்னச் சந்திலா அவ்வளவு பெரிய மரம் என்று அவள் எட்டிப் பார்த்தாள். அதனால்தான் வெட்டினார்கள் என்று அதையும் சமாளித்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவர் கேட்டார்: "எந்த மரம்?"

அவள் மிச்சம் வைத்த காபியைத் தொட்டியில் கொட்டினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அன்றைக்கே, பூங்காவில் வரைபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் என் மரத்தைப் பற்றி எழுதியிருந்தாள். ஒருவர் மாநகராட்சியில் புகார் கொடுக்கத் தெருப் பெயர் கேட்டார். இன்னொருவர் என் படத்தைப் பார்த்து அந்த மரத்தை வரைந்து, அதன் நினைவாக என்று போட்டிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலையில் பூங்காவுக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு சுவரையும் குழாயையும் பாசியையும் உள்ளபடி வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் வந்ததும் நோட்டை விரித்துக் காட்டினேன்.

"எங்க வீட்டுக்கிட்ட மரமே கிடையாது. எப்பவுமே இருந்ததில்ல."

வயதான ஒருவர் பெரிதாகச் சிரித்தார். கலைஞர்களுக்கு எதையும் வரைய உரிமை உண்டு என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அந்தப் பெண் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரைஞ்சதுல தப்பில்ல ஆன்ட்டி. ஆனா நான் நிஜமாவே அழுதேன்."

மன்னிப்புக் கேட்டேன். சரி என்று தலையசைத்துவிட்டுப் போய் வேறொரு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இப்போதும் இருவரும் போகிறோம். போன வாரம் அவள் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. என்னிடம் வாங்கி வரைந்தாள். கிளம்பும்போது மூடியை அழுத்தி மூடித் திருப்பிக் கொடுத்து, நன்றி சொன்னாள். என் நோட்டைப் புரட்டக் கேட்கவில்லை.