விரிப்பின் மறுமுனை

விரிப்பின் இரண்டு மூலைகளைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, மற்ற இரண்டைக் கையில் பிடித்தபடி அவள் பின்னோக்கி நடப்பாள். உதறி, மடித்து, மறுபடி கொக்கியிடமே வந்து சேருவாள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளச் சலவைக்கூடத்தில் மற்றவர்கள் எல்லாம் இரண்டிரண்டு பேராக நின்று மடிக்க, இவளுக்குக் கொக்கிதான் ஜோடி.

பெயர் முசுடு. பெற்றவர்கள் வைத்ததா என்ன? கூடத்தில் வைத்தது. பேசாமல் இருந்தால், "முசுடு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கு" என்பாள் மேற்பார்வைக்காரி. திடீரென்று பாடினால், "முசுடுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சாம்?" என்பாள் சோப்புத்தூள் போடுகிறவள். இந்தப் பெயர் காதில் விழுந்த நாத்தனாரோ போனில், "என் முசுடு சாப்பிட்டுச்சா?" என்று அதையே கொஞ்சலாகக் கேட்பாள். ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாகத் துவைத்தார்கள்.

அந்தப் பெயர் பொய்யும் இல்லை. ஒருநாள் எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள். மறுநாள் கிட்டே வந்தவளிடம், "நகரு" என்று எரிந்து விழுவாள். பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஏன்தான் சொன்னோமோ என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இனி வாயே திறப்பதில்லை, யாராவது கேட்டால் பதில் சொன்னால் போதும் என்று தனக்குத்தானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டாள். கூடத்திலோ, அவளாகப் பேசும்வரை யாரும் பேச வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

இன்று காலை மேற்பார்வைக்காரி வந்தாள். "ஜோடி இல்லேன்னா நாளையிலேருந்து தலையணை உறை அறைக்குப் போயிடு. அங்க ஒத்த ஆள் போதும்."

கதவு சாத்திய சின்ன அறை அது. முசுடு தலையாட்டினாள். அடுத்த விரிப்பைக் கொக்கியில் மாட்டினாள்.

சோப்புத்தூள்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கொக்கியிலிருந்து விரிப்பைக் கழற்றினாள். "பாட்டு இல்லாம மெஷின் சத்தத்தையே எத்தன நாள் கேக்கறது? நான் பிடிக்கிறேன்."

"காலையில எந்த ஆளா எந்திரிப்பேன்னு எனக்கே தெரியாதும்மா," என்றாள் முசுடு. "நாளைக்குக் கடிச்சாலும் கடிப்பேன்."

"கடிங்கக்கா. ஊசி போட மாடியிலயே ஆஸ்பத்திரி இருக்கு. இப்ப இழுத்துப் பிடிங்க."

உதறினார்கள், மடித்தார்கள். மூலைகள் ஒன்றுசேர இருவரும் நெருங்கி வந்தபோது, சோப்புத்தூள்காரி தன் முனைகளை நீட்டினாள். முசுடு விரிப்போடு ஈரம் முழுதும் காயாத அந்த விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள். கொஞ்ச நேரம் விடவில்லை.