சுபனென்னுக்கு ஓர் இலை, சுபனொன்னுக்கு ஓர் இலை

ஈரக் கையுறைகள் ஹீட்டரில் காயும் புழுக்க வாசனை வந்தால், நான் மறுபடி கனடாவின் ஸ்காபரோவில் நாலாம் வகுப்பில் இருப்பேன். அந்தக் குளிர்காலத்தில் ரீச்சர் சுவரில் காகித மரமொன்றை ஒட்டி, வீட்டில் பேசும் மொழியை ஆளுக்கோர் இலையில் எழுதச் சொன்னார். பதினொரு தமிழ்ப் பிள்ளைகள், பதினொரு ‘தமிழ்’ இலைகள். என் பக்கத்துக் கதிரை லீனா மட்டும் ஒரே இலையில் ‘சுபனென்’, ‘சுபனொன்’ என்று இரண்டு எழுதினாள். ரீச்சர் இரண்டாவதைச் சிவப்புப் பேனையால் வெட்டினார். எழுத்துப் பிழையாம்!

“பிழையில்லை மிஸ், அது என் அம்மா” என்றாள் லீனா.

அவளுடைய பெற்றோர் பிலிப்பைன்ஸின் சம்போவாங்காப் பக்கத்தவர்கள். அங்கே ஆற்றைக் குறிக்கும் சொல்லையே தங்கள் பெயராக வைத்துக்கொண்ட சனம் அவர்கள். தெற்கிலும் நடுவிலும் வடக்கிலும் ‘சுபனென்’, மேற்குக் கரையில் ‘சுபனொன்’. எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனாலும் தகப்பனின் தெற்குப் பேச்சும் தாயின் மேற்குப் பேச்சும் சற்று எட்டவே நின்றன. ஒருவரையொருவர் கேலி செய்தபடியே இருவரும் குடும்பம் நடத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். தன் பேச்சு வெட்டுப்பட்டுத் தொங்குவதை லீனாவின் அம்மா பார்க்கப் போகிறார் என்று நினைக்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் இலையைக் கழற்றிப் பின்பக்கத்தில் ‘சுபனொன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். இன்றைக்கும் சொல்கிறேன், செய்தது சரிதான்.

“உனக்கென்ன விசரோ? எங்கட தமிழைப் பிய்ச்சுப்போட்டு ஆரின்ரயோ பாசையை ஒட்டியிருக்கிறாய்!” என்று அப்பா கூட்டத்தில் வைத்தே ஏசினார்.

“தமிழுக்கு இன்னும் பத்து இலை கிடக்கு அப்பா. லீனாவின்ர அம்மாவுக்கு ஒண்டுமில்லை.”

அப்போது லீனாவின் அம்மா வந்தார். அந்த இலையை விரலால் தடவி, சத்தமாக வாசித்தார். பிறகு மறுபடியும் வாசித்தார். யாழ்ப்பாணத்துக்காரரான என் அப்பாவோ, மன்னாரில் பிறந்த என் அம்மாவின் தமிழை நாள் முழுக்கத் திருத்துகிறவர்.

“இனி என்ர தமிழ் பிழையெண்டு சொல்லிப் பாருங்கோவன்!” என்றார் என் அம்மா, அப்பாவைப் பார்த்து.

அந்தச் சுவருக்கு இப்போது வேறு வர்ணம். லீனாவின் அம்மா இறந்துவிட்டார். ‘சுபனொன்’ பேச அவர்கள் வீட்டில் இனி யாருமில்லை. அருகிலுள்ள அஜக்ஸ் ஊரில் தன் மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது, விண்ணப்பத்தில் வீட்டு மொழிக்கு இருந்த ஒரே கட்டத்துக்குள் லீனா இரண்டையும் நெருக்கி எழுதினாளாம். எது சரியென்று பள்ளியிலிருந்து போன் எடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

“ரெண்டும்” என்று சொல்லிப் போனை வைத்தாளாம்.