அரைப்பேர்

மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்.

"என்ன புள்ள, இன்னைக்குப் பேரா, அரைப்பேரா?"

தோட்டத்து வேலை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அம்மாவைப் போலத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதைப் பறித்துவிட்டால் பேர் போடுவார்கள், முழுநாள் வேலை செய்ததாகக் கணக்கு. குறைந்தால் அரைப்பேர். காலை முதல் மாலை வரை மழையில் நின்று அட்டைக்கடி வாங்கியிருந்தாலும் குறைந்தால் அரைப்பேர்தான். கணிதத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, விடுதியில் தங்கும் காலம் முடிந்து, அப்புத்தளைக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே நான் திரும்பி வந்தபோது, அம்மா இந்தக் கேள்வியை எனக்கும் பொருத்திக்கொண்டார். அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவர் கேலியாகக் கேட்பார், நானும் "பேரும்மா, மேல ரெண்டு கிலோ வேற" என்று சொல்லிச் சிரிப்பேன்.

ஐந்தாவது வருடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணிதத்தில் ஒருநாள் வேலையை எந்தத் தராசில் வைப்பது? ஒரு வாரம் முழுக்க எழுதியதைச் சனிக்கிழமை தப்பு என்று கண்டுபிடித்தால் அந்த வாரத்துக்கு என்ன பேர்? பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடையோடு மேலே ஏறும்போது நான் ஒரு கோப்பை பால் விடாத பிளேன்டீயோடு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் திரும்பி வரும்போதும் அப்படியே உட்கார்ந்திருப்பேன். கோப்பை மட்டும் மாறியிருக்கும்.

உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னது பாதிப் பொய். என்னால் உட்கார முடியாது. யோசிக்க வேண்டுமென்றால் நடக்க வேண்டும், நடந்தால் வாய் தானாக முணுமுணுக்கும், கை காற்றில் கோடு போடும். தோட்டத்து ரோட்டில் நான் அப்படி மேலும் கீழும் போவதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? படித்துப் படித்துப் பிள்ளைக்கு மூளை குழம்பிவிட்டது என்று அம்மாவின் காதில் போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையில் மஞ்சள் நூல் கட்டவைத்தார். வரும் வழியில் மெதுவாகச் சொன்னார்.

"நடக்குறதுன்னா லயத்துக்குப் பின்னால மரக்கறித் தோட்டப் பக்கமா நட புள்ள. ரோட்டுல வேணாம். ஆளுக பாக்குறாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் போனேன். லயத்துக்குப் பின்னால், போஞ்சிக் கொடிகளுக்கும் கோழிக்கூடுகளுக்கும் நடுவே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய பாதை. என் ஆய்வின் கடைசிப் பகுதி முழுக்க அங்கேதான் நடந்தது.

சனி, ஞாயிறுகளில் பதுளையில் உயர்தரப் பரீட்சை மாணவர்களுக்குக் கணித வகுப்பு எடுத்தேன். "மிஸ், நீங்க இன்னமும் படிக்கிறீங்களா?" என்று அவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்றால், பாவம் என்பதுபோல் பார்ப்பார்கள். ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு மாதம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலகையில் ஒரு கணக்கின் கடைசிப் படியைத் தாண்டிப் போக "இதை எளிதில் காணலாம்" என்றேன். முன்வரிசைப் பெண் கை உயர்த்தி, "எனக்குத் தெரியலையே மிஸ்" என்றாள். விளக்கினேன். உண்மையிலேயே எளிதுதான், அவளும் தலையாட்டினாள்.

திரும்பி வரும் ரயிலில் அந்த இரண்டு வார்த்தைகளும் என்னை விடவில்லை. அவற்றை நானும் எங்கேயோ எழுதியிருக்கிறேன். மடியில் லெப்டொப்பைத் திறந்து தேடினேன். மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தது. என் ஆய்வு வலைகளைப் பற்றியது, புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். "இது எந்த வலைக்கும் பொருந்தும் என்பதை எளிதில் காணலாம்" என்று இரண்டு வருடத்துக்கு முன் எழுதிவிட்டு, அதன் மேல் அடுத்த இரண்டு அத்தியாயங்களையும் கட்டியிருந்தேன். இப்போது பார்த்தேன். தெரியவில்லை. மறுபடி பார்த்தேன். ஒரு புள்ளியிலிருந்து கிளைகள் அளவில்லாமல் பிரிந்து போனால் என் வாதம் நிற்கவில்லை. பண்டாரவளை தாண்டியதா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. அப்புத்தளையில் இறங்கினேன், பனியில் எதிரே வந்தவர் முகம் தெரியவில்லை.

மறுநாள் சிக்னல் கிடைக்கும் மதகடிக்கு ஏறிப் போய், என்னை மேற்பார்வை செய்யும் பேராசிரியைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வார்த்தைகளை வீணாக்காதவர். இரண்டு நாள் கழித்து அங்கே நிற்கும்போது அவரே அழைத்தார்.

"பார்த்தன் பிள்ளை. ஓட்டைதான். ஆனா கிளைகளுக்கு ஒரு எல்லை வைச்சால் மிச்சமெல்லாம் நிக்கும். அந்த நிபந்தனையைப் போட்டுட்டு அனுப்பும்."

"அப்ப அது பாதித் தேற்றம்தானே மேடம்?"

"பாதியெண்டு ஆர் சொன்னது? இனிக் காலநீடிப்புக் கேக்கேலாது. மாசக் கடைசிக்குள்ள வராட்டிப் பதிவை நிப்பாட்டிப் போடுவினம். விளங்குதோ?"

விளங்கியது. மனம்தான் கேட்கவில்லை. எந்த வலைக்கும் என்று இரண்டு வருடமாக மார்தட்டியிருக்கிறேன், இப்போது சில வலைகளுக்கு மட்டும் என்று எப்படிச் சொல்வது? ஓட்டையை அடைத்தே தீருவேன் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டு இறங்கினேன். சாப்பாடு இறங்கவில்லை. சோற்றுத் தட்டில் விரலால் புள்ளிவைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருப்பேன். போஞ்சிப் பாதையில் நடந்து நடந்து செருப்பு அறுந்தது. ஒரு காலையில் அடைத்துவிட்டேன் என்று துள்ளினேன், மத்தியானம் அதே இடத்தில் வேறொரு ஓட்டை தெரிந்தது. வெலிமடைச் சந்தைக்குப் போன அம்மா வெல்லமும் முந்திரிப்பருப்பும் வாங்கிவந்து டின்னில் போட்டு வைத்தார். பிள்ளை படித்து முடித்ததும் கோயிலில் பொங்கல் வைப்பதாக லயம் முழுக்கச் சொல்லியாகிவிட்டதாம். அந்த டின்னைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாதக் கடைசிக்கு முதல்நாள் அம்மா மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். செடியும் மழையும் படாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து வாசலில் உதறிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார்.

"பேரா, அரைப்பேரா?"

"அரைப்பேரு!" என்று கத்தினேன். "அஞ்சு வருசத்துக்கும் சேத்து அரைப்பேரு. போதுமா? அனுப்பப் போறதில்ல. பொங்கலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதேன். அம்மா படங்கைக் கீழே போட்டார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"யாரு போட்டது?"

அந்தக் குரலை நான் அறிவேன். ஒரு மழைநாளில் கொழுந்தின் ஈரத்துக்கென்று எடையைக் கழித்து அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையிடம், "தண்ணியக் கழிச்சியா, என் கையக் கழிச்சியா?" என்று கேட்டு, முழுப்பேர் போடும்வரை கொழுந்து நிறுக்கும் மடுவத்தை விட்டு நகராமல் நின்றவர் அவர்.

"யாரு போட்டதுன்னு கேக்குறேன். அந்த யாழ்ப்பாணத்து மேடமா? போனப் போடு. நான் பேசுறேன்."

"அவங்க போடலம்மா. அவங்க அனுப்பச் சொல்றாங்க."

"பெறகு?"

"நான்தான்."

அம்மா என்னையே பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"ஒனக்கு நீயே அரைப்பேரு போட்டுக்கிட்டியா?" என்றார். "இத்தன வருசமா மலையில நிக்கிறேன். தனக்குத் தானே அரைப்பேரு போட்டுக்கிட்ட பொம்பளைய நான் கண்டதில்ல."

அவர் கோபமாகத்தான் சொன்னார். எனக்கோ அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அவருக்குக் கோபம் இன்னும் கூடியது. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு, அடுப்பில் விறகைத் தள்ளி, வெகுநேரம் என்னை ஏசிக்கொண்டிருந்தார். ஏச்சைக் கேட்டபடியே நான் லெப்டொப்பைத் திறந்தேன்.

"எளிதில் காணலாம்" என்ற வரியை வெட்டினேன். கிளைகளுக்கு ஓர் எல்லை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தேற்றத்தின் முதல் வரியில், யார் கண்ணுக்கும் படும்படி வைத்தேன். அத்தியாயத்தின் முடிவில், எல்லையில்லாமல் கிளைக்கும் வலைகளுக்கு இது பொருந்துமா என்பது எனக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். ஐந்து வருடத்தில் நான் எழுதிய வாக்கியங்களில் எந்தப் பயமும் இல்லாமல் எழுதியது அது ஒன்றுதான். மறுநாள் காலை மதகடிக்கு ஏறி ஆய்வேட்டை அனுப்பினேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது, அனுப்பி முடியும்வரை கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டே நின்றேன். நான் இறங்குவதற்குள் பேராசிரியை அழைத்தார். "வந்திட்டுது பிள்ளை. இனிப் போய் நித்திரை கொள்ளும்."

நித்திரை எங்கே வந்தது? அனுப்பிவிட்டால் நிம்மதி என்று நினைத்திருந்தேன், கால்கள் பழையபடி குறுகுறுத்தன. அன்று மாலை அம்மா வந்தார். கேட்டார்.

"பேரும்மா," என்றேன். "அனுப்பிட்டேன்."

அவர் டின்னைத் திறந்து, முந்திரிப்பருப்பில் எறும்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்து மூடினார். பிறகு கேட்டார்.

"அந்த ஓட்ட அடபட்டிருச்சா?"

"இல்லம்மா. அது அப்படியேதான் இருக்கு."

"அப்ப நாளைக்கும் நடப்ப."

"நடப்பேன்."

அம்மா கொடியில் கிடந்த தன் கம்பளிச் சால்வையை எடுத்து என் மடியில் போட்டார்.

"பனியா இருக்கும், இதப் போத்திக்க," என்றார். "பின்னால போகாத. ரோட்டாலயே போ."