சீலின் கடைசி எண்

டெரன்ஸுக்குப் பதினேழு வருடமாக ஒரே வேலை. லாரிகளில் வரும் கண்டெய்னர்களைத் தூத்துக்குடி யார்டில் நிறுத்திச் சோதித்து, கதவில் பூட்டுபோல் மாட்டியிருக்கும் சீலின் எண்ணைப் படமெடுத்து அறிக்கை கொடுப்பார். காகிதத்திலுள்ள எண்ணோடு பொருந்தினால் கண்டெய்னர் கப்பலுக்குப் போகும். பொருந்தாவிட்டால் வழியில் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழி முதலில் டிரைவர்மேல்தான் விழும்.

கிட்டத்தில் எடுப்பதற்கென்றே ஒரு கேமராவும் மேக்ரோ லென்ஸும் வைத்திருந்தார். நாலு மாதத்துக்கு முன்பு புதுப் போன் வாங்கியதிலிருந்து அவை பைக் பெட்டியில் கிடந்தன. போனை இரண்டு விரற்கடைக்குக் கொண்டுபோனால் போதும், எழுத்து பளிச்சென்று விழுந்தது.

“இனி அந்த யானையக் கழுத்துல கட்டிக்கிட்டு அலைய வேண்டாம்லா” என்று யார்டு மேலாளர் சிவசுப்பிரமணியன்கூடச் சிரித்தார்.

சனிக்கிழமை காலை செல்லப்பாண்டி ஓட்டிவந்த கண்டெய்னரின் சீலை அப்படித்தான் எடுத்து அனுப்பினார். காகிதத்தில் கடைசி எண் மூன்று. படத்தில் எட்டு. மேலாளர் லாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

“நடுவுல எங்கல நிறுத்துன?”

“எங்க ஊரு ஏரல்ல, வீட்டுல ஒரு வாய் சோறு தின்னேன் சார். கதவுப் பக்கம் ஒரு பய போகல.”

“அப்போ மூணு எப்படி எட்டாச்சு? வழியில குட்டி போட்டுச்சா?”

செல்லப்பாண்டி டெரன்ஸ் பக்கம் திரும்பினான். “அண்ணாச்சி, போட்டோவ உடுங்க. நீங்க கண்ணால பாத்தியளா?”

டெரன்ஸ் போனின் திரையைத்தான் பார்த்திருந்தார். சீலருகே போய்க் குனிந்தார். எட்டுப் போலத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் ஏதோ கறை. துடைக்கக் கை நீட்டினார்.

“தொடாதீரும் வே! கம்பெனி ஆள் வாரவரைக்கும் கை படக்கூடாது. படம் வேணும்னா எடும்” என்றார் மேலாளர்.

பைக் பெட்டியைத் திறந்து கேமராவை எடுத்தார். அவசரத்தில் முதல் மூன்று படம் கலங்கிவிட்டது. நிழல் விழாதபடி ஒரு சாண் தள்ளி நின்று, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மறுபடி எடுத்தார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்றின் கோடு வெட்டியதுபோல் நேர்த்தியாக இருந்தது. அதை எட்டாக்கிய பாதியோ பொடிப்பொடியாக, காய்ந்து வெடித்திருந்தது.

“ஏலே, சீலுக்குப் பொட்டு வச்சியா?”

செல்லப்பாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான். “நேத்து வெள்ளிக்கெழமைல்லா அண்ணாச்சி. லாரிக்குக் குங்குமம் வைக்கையில அதுக்கும் வச்சேன். காவலுக்குத்தான?”

மேலாளர் படத்தைப் பார்த்தார். சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

கேமராவைப் பெரிதாகப் புகழ ஒன்றுமில்லை. பொடியைப் பொடியாகவும் கலங்கலைக் கலங்கலாகவும் விட்டது, அவ்வளவுதான். போனுக்கு அது முடியவில்லை. புரியாத கறையை இழைத்து வழவழப்பாக்கி எண்ணாக மாற்றியிருந்தது. அதற்குக் கீழேதான் டெரன்ஸ் கையெழுத்துப் போட்டிருந்தார்.

‘என் முதல் படம் தவறு’ என்று அறிக்கையைத் திருத்தி அனுப்பினார். சாப்பிடப் போகவில்லை. போனில் நாலு மாதப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாமே பளிச்சென்று இருந்தன. அதிலொன்று, போன மாதம் பொருந்தாமல் போன சீல். அந்த டிரைவரை அன்றோடு யார்டுக்குள் விடவில்லை. அவன் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

எழுந்து போய் யார்டின் வருகைப் பதிவேட்டைக் கேட்டார்.

“இப்போ எதுக்கு வே அது?” என்றார் சிவசுப்பிரமணியன்.

டெரன்ஸ் நின்றபடியே போன மாதத்துப் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார்.