தம்பி பெயருக்கு வந்த பினாங்குப் பணம்

ஆட்டுக்கறி வேகும் வாசனை வந்தால் இந்த வயதிலும் தட்டை நகர்த்திவைத்துவிடுகிறேன். மசாலா சேராத உடம்பு என்று நினைத்துக்கொண்டு மருமகள் எனக்குத் தனியாக ரசம் வைக்கிறாள், நானும் திருத்துவதில்லை. ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில், பினாங்கிலிருந்து மணியார்டர் வரும் நாளில் மட்டும்தான் எங்கள் வீட்டு அடுப்பில் கறி வேகும். இருந்தது ஒரே அறை, அதன் மூலையிலேயே அடுப்பு என்பதால் அந்த வாசனை பாயிலும் தலையணையிலும் ஏறி இரண்டு நாள் இறங்காது. அப்பாவை நான் "நைனா" என்றுதான் கூப்பிடுவேன். அவர் எலும்பைத் தட்டி உறிஞ்சிச் சாப்பிடுவார். எனக்கும் நாலு துண்டு விழும். அம்மா மட்டும் பழைய கஞ்சியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்தக் கறி, செத்துப்போன என் தம்பியின் பெயருக்கு வந்த பணத்தில் வாங்கியது.

நைனாவின் அண்ணன் அருளப்பன் பினாங்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளையில்லை. கோயில் வழக்கப்படி, ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்காகப் பொறுப்பேற்று நிற்கிறவர் அதற்கு ஞானத்தகப்பன். தன் பெயரையே அதற்கு வைத்துவிட்டாரென்றால், அந்தப் பெயருள்ள புனிதரின் திருநாள்தோறும் ஏதாவது கொடுப்பது எங்கள் சந்தில் எழுதாத சட்டம். எனக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் நைனாவோடு துறைமுகத்தில் கரி சுமந்தவர். சவரிமுத்து என்ற தன் பெயரையும் ஒரு பொட்டலம் அச்சுவெல்லத்தையும் கொடுத்ததோடு அவர் கடமை முடிந்தது. மூன்று வருடம் கழித்துத் தம்பி பிறந்தபோது நைனா விவரமாகிவிட்டார். பினாங்குக்கு எழுதிச் சம்மதம் வாங்கி, அண்ணனுக்குப் பதிலாக, கோயிலில் மணியடித்துக் கணக்குப் பார்க்கும் கோயில்பிள்ளையை நிற்கவைத்து, தம்பிக்கு அருளப்பன் என்றே பெயர் வைத்தார். பெரியப்பாவும் ஏமாற்றவில்லை. முதல் திருநாளுக்கே ஐம்பது ரூபாய் வந்தது.

இரண்டாவது திருநாளுக்கு முந்தைய சித்திரையில் வாந்திபேதி வந்து தம்பி ஒரே பகலில் போய்விட்டான். ஒன்றரை வயது. பினாங்குக்குத் தகவல் எழுதவேண்டும், எழுதவேண்டும் என்று நைனா சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் அருளப்பர் திருநாள் வரும் ஆனி மாதம் வந்துவிட்டது, தபால்காரரும் வந்துவிட்டார். வாசலில் நின்று அவர் பேனாவை நீட்டியபோது, சவப்பெட்டி செய்த ஆசாரி பாக்கிக்காக உள்ளே உட்கார்ந்திருந்தார். நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆசாரியைப் பார்த்தாள். நைனா கையெழுத்துப் போட்டார். தம்பியின் பெட்டிக்குத் தம்பியின் பணமே போயிற்று. மிச்சத்தில்தான் முதன்முதலாகக் கறி வாங்கினார்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். கரி வேலை வாரத்தில் பாதி நாள்கூடக் கிடைக்காத காலம் அது. வீட்டுக்காரன் வாடகைக்குக் கதவைத் தட்டும்போது ஐம்பது ரூபாயை வேண்டாமென்று எழுத யாருக்குக் கை வரும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் அடுத்த வருடம் பெரியப்பா, இரண்டு பிள்ளைகளையும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். வீட்டில் இருந்தது ஒரு பிள்ளை. நைனா என்னை மட்டும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், உயரம் தெரியாதபடி நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்து, "இவன் உன் ஞானப்பிள்ளை அருளப்பன், பெரியவன் சவரிமுத்து வாந்திபேதியில் இறந்துபோனான்" என்று எழுதி அனுப்பிவிட்டார்.

இதை அம்மாவுக்குச் சொன்னவள் எதிர்வீட்டு மீன்காரி பாக்கியம்; நைனா கோயில்பிள்ளையிடம் சொன்னது அவள் காதுக்கு வந்திருந்தது. "இன்னாடி, உன் பெரிய புள்ளய உன் புருசன் காயிதத்துல சாவடிச்சிட்டானாமே, ஒரு ஒப்பாரி கூடக் காதுல வுழல?" என்று குழாயடியில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தது நினைவிருக்கிறது. அன்றிலிருந்து சந்துப் பையன்கள் என்னை "பொணம்" என்று கூப்பிட்டார்கள். கிட்டிப்புள்ளுக்குப் போனால், "டேய், பொணத்துக்கு ஏதுடா ஆட்டம், போய்க் குழியில படு" என்பார்கள். ஒவ்வொரு ஆனியிலும் கறி எங்கள் வீட்டில் மட்டும் வேகவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதற்காகப் பாக்கியத்தின் வீட்டுக்கும் கோயில்பிள்ளையின் வீட்டுக்கும் அரைச்சேர் அரைச்சேர் போகும். எங்களுக்கு வந்ததைவிட அது அதிகம் என்று அப்போதே கணக்குப் பார்த்துவைத்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதானபோது பெரியப்பா கப்பலேறி நேரில் வந்துவிட்டார். தம்பி இருந்திருந்தால் ஐந்து முடிந்திருக்கும். வயிற்றுக்குப் போதாமல் வளர்ந்ததில் நான் குள்ளம்; உயரம் பிரச்சினையில்லை. பல்தான் பிரச்சினை. பால்பல் விழுந்து முன்னால் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தது. "வாயத் தொறந்து சிரிச்சே, அறுத்துடுவேன்" என்றார் நைனா. பாக்கியம் வாசற்படியில் நின்று வெற்றிலை மென்றுகொண்டே, "அட நீ ஒண்ணு, அந்தாளுக்குப் புள்ளையா குட்டியா, எந்தப் பல்லு எப்ப மொளைக்கும்னு தெரிய? புள்ளைய ஒழுங்கா சிரிக்க வுடு" என்றாள். எங்களுக்காகப் பேசுகிறாளா, பெரியப்பாவைக் குத்துகிறாளா என்று தெரியாதபடி சிரித்தாள். கார்ப்பரேஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் புத்தகப்பையை அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்தார்கள். எழுத்து தெரியாது, எண் தெரியாது, கேட்டால் விழிக்கவேண்டும் என்று உத்தரவு.

பெரியப்பா வெள்ளைக் கால்சட்டையும் தைலவாசனையுமாக வந்தார். பல வருடம் எண்ணிக் காத்திருந்தவரைப்போல என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமில்லை. மடியில் உட்காரவைத்து, ஒரு சுருக்குப்பையைக் கவிழ்த்து, நயா பைசாக்களைப் பாயில் கொட்டினார்.

"எல்லாம் உனக்குத்தான்டா, அருளப்பா. எத்தினி கீது, சொல்லு பாப்போம்."

உத்தரவுப்படி திருதிருவென்று விழித்திருக்கவேண்டும். சில்லறையை எண்ணாமல் விடுவது அன்றும் எனக்கு வராது, இன்றும் வராது. கண் தானாகப் பிரித்தது, விரல் தானாக அடுக்கியது. "நாலு ரூபா முப்பத்தேழு பைசா, பெரிப்பா" என்று சொன்ன பிறகுதான் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியப்பா ஒருமுறை எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். "டேய் தம்பி!" என்று நைனாவின் தோளில் ஓங்கி அடித்தார். "அஞ்சு வயசுப் புள்ளடா இது! தபாலாபீஸ் கிளார்க்கு கூட இவ்ளோ வெரசா சொல்ல மாட்டான். இத்தப் போயி இந்த சந்துல வச்சிக்கினு இன்னா பண்ணப்போறே? கோயில் சாமியார் பள்ளிக்கூடத்துல சேத்துடுடா, செலவு என்னுது."

நான் தப்பாக எண்ணியிருந்தால் ஒரு மாதத்தில் அவர் கப்பலேறிப் போயிருப்பார். நானும் என் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குத் திரும்பியிருப்பேன். சரியாக எண்ணினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா, இறந்துபோன மூத்த பிள்ளைக்காகப் பூசை வைக்கவேண்டும் என்றார். காணிக்கை கட்டப்போன நைனாவிடம் கோயில்பிள்ளை குரலைத் தாழ்த்தி, "பெரியவன் பேருலயா, சின்னவன் பேருலயா? சரியா சொல்லிடு, மேல இருக்குறவருக்கு பேஜாரு வைக்கக் கூடாது" என்றார். பூசை வைத்த பங்குச்சாமியார் ஊருக்குப் புதியவர். பீடத்திலிருந்து, "மரித்த சிறுவன் சவரிமுத்துவின் ஆன்மா இளைப்பாறும்படியாக" என்று அவர் படித்தபோது, நான் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். அவர் என் தலையைக் குனியவைத்து, "உங்க அண்ணனுக்காக வேண்டிக்கடா" என்றார். பின்பெஞ்சில் சந்துப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். வேண்டிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

பூசை முடிந்ததும் அவர் கல்லறைக்குப் போனார். தம்பியின் குழியில் பெயரில்லாத மரச்சிலுவை ஒன்று சாய்ந்து கிடந்தது. ஊருக்குப் போவதற்கு முன்பு அந்த இடத்தில் ஒரு கருங்கல் நட்டு, சவரிமுத்து என்று வெட்டவைத்துவிட்டுப் போனார். அம்மா அந்தக் கல்லுக்கு வருடாவருடம் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

சாமியார் பள்ளிக்கூடத்தில் ஞானஸ்நானச் சான்று கேட்டார்கள். பெரியப்பா கூடவே நின்றதால் அருளப்பனுடையதைத்தான் கொடுக்க முடிந்தது. மறுபடியும் முதல் வகுப்பில், தெரிந்த எழுத்தையே தெரியாதவன்போல எழுதினேன். பெரியப்பா சாகும்வரை பணம் வந்தது. படித்தேன், துறைமுகத்தில் குமாஸ்தா ஆனேன். இதைச் சொன்னால் "அதனாலதானே இன்னிக்கு இப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். உண்மைதான். தம்பியின் வயதில் என்னைச் சேர்த்ததால் மூன்று வருடம் அதிகமாக வேலைபார்க்கவும் நேர்ந்தது. மூத்த குடிமகன் சலுகையும் மூன்று வருடம் தாமதம். ரயிலில் இடம் கேட்டால் இளைஞர்கள் அட்டையைப் பார்க்கிறார்கள், முட்டியைப் பார்ப்பதில்லை.

போட்டோ எடுத்த நாளிலிருந்து வீட்டில் என்னை யாரும் சவரி என்று கூப்பிடவில்லை. வாய் தவறிப் பெரியப்பா முன்னால் வந்துவிடும் என்ற பயம். அம்மா இரண்டு பெயரையும் விட்டு, "இந்தாடா" என்றே காலத்தை ஓட்டினாள். கடைசிக் காலத்தில் அவளுக்கு நினைவு தடுமாறியது. ஒருநாள் சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது, "சவரி எங்கடா? சவரியைக் கூட்டிக்கினு வா" என்றாள். அத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வாயில் கேட்டதும், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான்தாம்மா சவரி" என்றேன். என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "நீ சின்னவன். சவரி செத்துட்டான். கல்லு நட்டுகீதே, போய்ப் பாரு" என்றாள். ஸ்பூனை வாயில் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தக் கல்லும் இப்போது இல்லை. கல்லறையில் இடம் போதாமல் பழைய குழிகளைத் திருப்பித் தோண்டுகிறார்கள். அங்கே வேறு குடும்பத்துக் கிழவி படுத்திருக்கிறாள். எங்கள் சந்து இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பாக்கியமும் கோயில்பிள்ளையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னைப் பொணம் என்று கூப்பிட ஒரு ஆள்கூட மிச்சமில்லை.

கல்லறைத் திருநாளுக்குப் பூசைக்காணிக்கை கட்ட இந்த வருடம் நானே போனேன். இத்தனை வருடத்தில் என் தம்பிக்கு அவன் பெயரில் ஒரு பூசைகூட நடந்ததில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பங்கு அலுவலகத்தில் இருந்த பையன் கணினியில் என் குடும்பப் பதிவைத் திறந்து பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பேரு?"

"அருளப்பன்."

"ஐயா, அது நீங்க. செத்தவங்க பேரச் சொல்லுங்க."

"செத்தவன் பேருதான்பா அது."

அவன் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. "பெருசு, சீக்கிரம் சொல்லு, மார்க்கெட்டு மூடிடப்போறான்" என்று ஒரு பெண்பிள்ளை முதுகில் தட்டினாள்.

"சவரிமுத்து" என்றேன். தட்டெழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தான்.