பிலிம் போடாத கமெரா

அந்த வீட்டு அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணத்தோடு கடலின் ஈர உப்பு மணமும் சேர்ந்து மூக்கில் ஏறும். கதவின் உட்பக்கத்தில், வாடகைக்கு வருகிறவர்களுக்காக வீட்டுக்காரர் எழுதி ஒட்டிய தாள் ஒன்று இருந்தது: அருகில் பார்க்க வேண்டியவை. கடலோரக் களப்பில் வள்ளச் சவாரி, ஆமை வளர்க்கும் தொட்டிகள், வெளிச்சவீடு, கடைசியாகக் கடல் குமுறி மேலெழும் பாறைத் துளை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில், என் ஒன்பதாவது வயதில், வெள்ளவத்தையில் ரயிலேறி நாலு நாள் விடுமுறைக்கு, சிங்களவர் வாழும் அந்தத் தெற்குக் கரைக்குப் போனோம்.

விடுமுறை என்பது வெளியாருக்குச் சொன்ன கதை. பெரியம்மாவின் மகன் கண்ணன் அண்ணா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பத்து நாள்தான். பொலிசில் கொடுத்திருந்த எங்கள் வீட்டுப் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. எங்கள் ஒழுங்கையில், பட்டியலில் இல்லாதவர்களைப் பிடித்துப்போகும் 'ரவுண்டப்' வரப்போகிறது என்று கதை அடிபட, அப்பா கந்தோரில் கூட வேலை செய்யும் சிநேகிதர் மூலம் அந்த வீட்டை எடுத்தார். அண்ணாவுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் வராது. ஆகவே அவர் ஊமை என்று முடிவாயிற்று. தமிழரென்று தெரியாமலிருக்க அம்மா பொட்டை அழித்தார். நான் வெளியே அப்பாவைச் சிங்களப் பிள்ளைகளைப் போல 'தாத்தே' என்று கூப்பிட வேண்டும். நாற்பது வயதிலேயே தாத்தாவாகிவிட்டேன் என்று அப்பா பகிடி விட்டார், ஒருவரும் சிரிக்கவில்லை. எங்களுக்குச் சமைத்துத் தந்த சோமா என்ற பெண், அண்ணாவைக் கண்டதும் "அனே, பவ்" என்று இரக்கப்பட்டு, மீன் துண்டொன்றைக் கூட வைத்தார்.

"லீவுக்கு வந்த ஆக்கள் வீட்டுக்குள்ள குந்தியிருந்தா சனம் யோசிக்கும். எல்லாத்தையும் போய்ப் பார்க்கவேணும்," என்றார் அப்பா. கழுத்தில் கமெரா தொங்காவிட்டால் விடுமுறைக்காரர் போலத் தெரியாது. காவல் போட்டிருந்த வெளிச்சவீட்டைப் படம் பிடித்து மாட்டிக்கொள்ளவும் ஏலாது. அதனால் பிலிம் போடாமலே கொண்டுவந்திருந்தார். களப்பில், கண்டல் வேர்களின் இருட்டுக்குள் வள்ளம் நுழைந்தபோது 'கிளிக்'. ஆமைத் தொட்டியில் பார்வையில்லாத கிழட்டு ஆமை ஒன்று சுவரில் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது; அதன் முன்னால் எங்களை நிறுத்தி 'கிளிக்'. சிரியுங்கோ என்றார், சிரித்தோம்.

மூன்றாம் நாள் பாறைத் துளைக்குப் போனோம். அங்கே கடல் கண்ணுக்குத் தெரியாது. காலுக்குக் கீழே எங்கோ உறுமும், பாறை நடுங்கும், பிறகு நீர் சீறி எழும். வந்தவர்கள் அந்த உறுமலுக்குள் தங்களுக்கு வேண்டியவர்களின் பெயரைக் கத்திக் கூப்பிட்டார்கள். அது அவ்விடத்து வழக்கமாம். அண்ணா விளிம்புவரை போய், குனிந்து, வாயைத் திறந்தார். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. நீர் எழுந்து விழுந்தது. அண்ணாவின் வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திய பிறகும் அவர் கதைக்கவில்லை. உண்மையாகவே ஊமையாகிவிட்டார் என்று நான் பயந்தேன்.

புறப்படும் காலையில் சோமா அம்மாவைக் கிணற்றடிக்கு அழைத்து, சிங்களத்தில் மெல்லக் கேட்டார்:

"சுதன் யார்?"

சுதன் என்று ஒருவரை எங்களுக்கும் தெரியாது.

"உங்கள் ஊமைப் பிள்ளை பகல் நித்திரையில் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுகிறான். முதல் நாளே என் காதில் விழுந்தது." அம்மா அருகில் நின்ற என்னை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். "பயப்பட வேண்டாம். ஆமியிலிருந்து லீவில் வந்தால் என் மகனும் இப்படித்தான், படுத்தால் யாரையோ கூப்பிடுவான். யாரென்று நான் கேட்பதில்லை."

கடந்த வருடம் பிள்ளைகளோடு அங்கே போனேன். வீடு இருந்த இடத்தில் ஹோட்டல் மதில். ஆமைத் தொட்டிகள் இல்லை. சோமாவை அறிந்தவர் எவருமில்லை. நாங்கள் அங்கே நின்றதற்கு ஒரு படம்கூடக் கிடையாது. பாறை மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அங்கிருந்தே கனடாவிலிருக்கும் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணா, அந்த நாலு நாளும் ஞாபகம் இருக்கோ?"

பாறையின் உறுமல் போனில் அவருக்கும் கேட்டிருக்கும்.

"ஓம். நல்லாத்தான் இருந்தது. ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை."

சுதன் யார் என்று கேட்கத்தான் எடுத்தேன். பிள்ளைகள் சுகமோ என்று கேட்டுவிட்டு வைத்தேன்.