அடுத்த பௌர்ணமி வரைக்கும் போதும் என்றிருந்தோம்

அண்ணாமலையாரை நம்பியிருக்கும் உங்கள் எல்லாரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தவியாய்த் தவிக்கிறேன். நிதானமாக உட்கார்ந்து பேச எனக்கு வராது. அம்மா படுத்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார்ந்ததே இல்லை.

போன வருடம் ஆடி மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. எனக்குப் பேருந்து நிலையம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. தம்பி கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறான். அம்மாவைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைக்க மும்தாஜ் என்ற நர்ஸ் வந்தாள்.

கெட்டதை வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று எங்கள் வீட்டில் பயம். "அம்மா ரொம்ப நாள் படுத்துட்டா நர்ஸ் செலவுக்கு என்னடா பண்றது?" என்று ஒருமுறை தம்பியிடம் கேட்டேன். "வாயக் கழுவுக்கா! அடுத்த பௌர்ணமிக்கு அம்மா எழுந்து மலை சுத்தும் பாரு" என்று சீறினான். அதனால் மும்தாஜைக்கூட ஒவ்வொரு தடவையும் அடுத்த பௌர்ணமி வரைக்கும்தான் வேலைக்குச் சொன்னோம். அம்மாவே வந்து பயிர் வைப்பாள் என்று அவளுடைய நிலத்தையும் சும்மா போட்டிருந்தோம். ஒவ்வொரு சம்பளத்துக்கும் கையைப் பிசைந்தோம். என் வளையல் அடகுக்குப் போனது.

தை மாதம் மும்தாஜ் சொல்லிவிட்டாள். "கோச்சுக்காதீங்கக்கா. வேற வீட்ல வருஷத்துக்கே பேசுறாங்க. எனக்கும் புள்ளைங்க இருக்குதுங்க. பௌர்ணமியோட நின்னுக்கறேன்."

பௌர்ணமியன்று விடிந்ததும் மலை சுற்றக் கிளம்பினேன். எப்போதும் "அம்மாவை நடக்க வை" என்று வேண்டுகிறவள், அன்று அடி அண்ணாமலைக் கோயிலில் நின்று, "எனக்கு ஒண்ணும் புரியலப்பா, நீயே வழி சொல்லு" என்று அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் தம்பியும் இருந்தான். சில வாரமாக அம்மாவுக்கு ஓரிரு சொல் வந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்ணால் கூப்பிட்டாள். நாக்குக் குழறக் குழற, "நான் இனிமே நடக்க மாட்டேன்டா" என்றாள். தம்பி பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினான். இடது கையால் தட்டிவிட்டாள்.

"நெலத்தக் குத்தகைக்கு உடு. மும்தாஜ நிறுத்திக்கோ."

நாங்கள் ஏழு மாதம் வாயால் சொல்லப் பயந்ததை, பேச்சே வராதவள் சொல்லிவிட்டாள்! தம்பி தேம்பி அழுதான்.

குத்தகைப் பணம் இப்போது அம்மா பேரில் வங்கியில் இருக்கிறது. அது அவளைப் பார்த்துக்கொள்ள மட்டும். மும்தாஜுக்கும் வருடத்துக்கே பேசிவிட்டோம். அம்மா இன்னும் எழுந்து நிற்கவில்லை. ஆனாலும் என் வேண்டுதல் பலித்தது என்றுதான் சொல்வேன்.

என் முதுமைக்கும் மாதாமாதம் எடுத்து வைக்கிறேன். நான் படுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று சென்னையில் இருக்கும் மகளிடம் போனில் சொல்ல ஆரம்பித்தேன். அழுதுகொண்டே வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டு, "சொல்லும்மா, கேக்கறேன்" என்றாள்.

அண்ணாமலையாரிடம் நம்பிக் கேளுங்கள். கட்டாயம் வழி சொல்வார். யார் வாயால் சொன்னாலும் அந்த வாயைப் பொத்தப் போகாதீர்கள்.